குவளையில் பருத்தி, கொசுவத்தில் பருத்தி

மதுரையின் மாலைத் தெருக்களில் மக்கள் நின்றபடியும் பலகையில் அமர்ந்தபடியும் உண்ணும் சிற்றுணவும், அவ்வூரார் வேலைக்கும் கோயிலுக்கும் கடைவீதிக்கும் ஒன்றுபோலவே உடுத்திச் செல்லும் பருத்தி உடையும் பத்திரிகைகளில் எப்போதும் இரு வேறு பக்கங்களில் எழுதப்படுகின்றன. கறிதோசை உணவுப் பக்கத்துக்கும் சுங்குடிச் சேலை மகளிர் பக்கத்துக்கும் உரியவை என்ற இப்பிரிவினை அச்சிடுவோருக்கு வசதியானதே தவிர, ஊரின் வாழ்வுக்குப் பொருந்துவதன்று. கோடையில் வெப்பம் 40 பாகை செல்சியஸை எட்டுகின்ற ஒரு சமவெளி நகரத்தில், பகல் முழுவதும் உடலைக் காக்கும் துணியும் வெயில் தாழ்ந்தபின் பசியாற்றும் பண்டமும் ஒரே வானிலைக்கு மக்கள் கண்ட இரு விடைகளாகும். அவற்றுக்கான மூலப்பொருள்களும் பல இடங்களில் ஒன்றேதான். பருத்தி, அரிசி, வாழை ஆகிய மூன்றும் ஒருபுறம் உணவாகவும் மறுபுறம் உடையாகவும் அணியாகவும் மாறும் வழிகளைத் தொடர்ந்து நோக்கினால், எளிமை என்று நாம் சொல்வது உண்பவருக்கும் உடுத்துபவருக்கும் மட்டுமே எளிது என்பதும், அதை ஆக்கித் தருபவரின் கைகளுக்கு அது மிகக் கடினமான வேலை என்பதும் தெளிவாகும்.

பருத்திச் செடியின் வெடித்த காயிலிருந்து எடுக்கப்படும் பஞ்சு, தாவரவியல் நோக்கில், விதையின் மேல்தோலில் முளைக்கும் மயிரே ஆகும். ஆகவே சேலைக்கான நூலும், கொட்டையிலிருந்து எடுக்கும் பானத்துக்கான பாலும் ஒரே விதையின் வெளிப்புறமும் உட்புறமும் என்பது உவமையன்று, உள்ளபடியான செய்தி. காட்டிலிருந்து வரும் பருத்தியை அரைவை ஆலையில் இட்டு விதையையும் பஞ்சையும் பிரிக்கும்போது, எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே பஞ்சாகத் தேறுகிறது. எஞ்சியதில் பெரும்பகுதி கொட்டை. அக்கொட்டை மாட்டுத் தீவனத்துக்கும் எண்ணெய்க்கும் போவது எங்கும் உள்ள வழக்கம். மதுரையிலும் அதற்குத் தெற்கே அருப்புக்கோட்டை, விருதுநகர், கோவில்பட்டி வரை விரியும் கரிசல் நிலத்திலும் அதில் ஒரு பங்கு மனிதருக்கான மாலைப் பானமாகவும் ஆகிறது. நினைத்த பொருள் ஆயத்தமாகவே கைக்கு வந்து சேர்வதைப் 'பருத்தி புடவையாய்க் காய்த்தாற்போல' என்பது பழமொழி. இவ்வட்டாரத்தில் அது பாலாகவும் காய்த்தது என்றே சொல்ல வேண்டும்.

பருத்திப்பால் எனப்படும் அப்பானத்தைச் செய்வோர், கொட்டையை முதல் நாள் இரவே ஊறவைத்து, மறுநாள் அரைத்து, மெல்லிய துணியில் பிழிந்து பாலெடுக்கின்றனர்; கொட்டையின் ஓடும் அதில் ஒட்டிய பஞ்சிழையும் சிறிதும் கலந்துவிடாதபடி இரண்டு மூன்று முறை வடிகட்டுவதில்தான் கைத்திறன் இருக்கிறது. அப்பாலை அரிசி மாவுடன் சேர்த்து அடிப்பிடிக்காமல் கிளறிக் காய்ச்சி, கருப்பட்டி அல்லது வெல்லப் பாகும், சுக்கு, ஏலக்காய்ப் பொடியும் இட்டு, இறுதியில் தேங்காய்த் துருவலோ பல்லோ சேர்த்து இறக்குகின்றனர். பருத்திக் கொட்டையில் காசிப்பால் எனப்படும் நச்சுத்தன்மையுள்ள ஓர் இயற்கைப் பொருள் இருப்பதும், வெப்பம் அதன் வீரியத்தைக் குறைப்பதும் வேதியியல் அறிந்த செய்திகள். நன்றாகக் காய்ச்சாத பருத்திப்பாலை எவரும் விற்பதில்லை என்ற தெருவழக்கம் அந்த அறிவோடு ஒத்துப்போகிறது. தள்ளுவண்டியில் அடுப்போடு வரும் அகன்ற பாத்திரத்திலிருந்து, கஞ்சிக்கும் பாயசத்துக்கும் இடைப்பட்ட பதத்தில், ஆவி பறக்க ஊற்றித் தரப்படும் அது பானம் மட்டுமன்று. வேலை முடிந்து வீடு திரும்புவோருக்கு இரவு உணவு வரை தாங்கும் பசியடக்கியும் ஆகும். சளி பிடித்தவர்களுக்கு உகந்தது என்பதும் மக்களின் நம்பிக்கை.

மதுரை என்றதும் வெளியூரார் கேட்கும் பானமோ ஜிகர்தண்டா. ஈரல், நெஞ்சு எனப் பொருள்படும் 'ஜிகர்' என்ற பாரசீகச் சொல்லும் குளிர்ச்சியைக் குறிக்கும் 'தண்டா' என்ற இந்துஸ்தானிச் சொல்லும் இணைந்த இப்பெயரை, நெஞ்சைக் குளிரச் செய்வது என்று பொருள் கொள்ளலாம். சுண்டக் காய்ச்சிய பால், நன்னாரி சர்பத், கடற்பாசி அல்லது ஊறிப் பெருத்த பாதாம் பிசின், மேலே ஒரு கரண்டி ஐஸ்கிரீம் என அடுக்கப்படும் இதைக் கோடைப் பிற்பகலில் விளக்குத்தூண் அருகே அருந்துவது ஊருக்கு வருவோரின் கடமைபோல ஆகிவிட்டது. அந்த விளக்குத்தூண், 19ஆம் நூற்றாண்டில் பழைய கோட்டையை இடித்து ஊரை விரிவாக்கிய ஆட்சியர் பிளாக்பர்னின் நினைவாக எழுப்பப்பட்டது என்பதும், அதைச் சுற்றிய தெருக்களே இன்று நகரின் துணிக்கடைகள் மிகுந்த பகுதி என்பதும் இவ்விடத்தில் கருதத்தக்கவை. சேலை எடுக்க வருவோரின் தாகம்தான் ஜிகர்தண்டாக் கடைகளின் முன் நிற்கும் கூட்டத்தில் பெரும்பகுதி.

இரவுணவின் தொன்மை

மதுரையைத் தூங்கா நகரம் என்பது அண்மைக்கால விளம்பரச் சொல் என்று கருதுவோர் உண்டு. ஆனால் சங்கப் புலவர் மாங்குடி மருதனார் இயற்றிய மதுரைக்காஞ்சி, பகலில் கூடும் சந்தையாகிய நாளங்காடியையும் இரவில் கூடும் சந்தையாகிய அல்லங்காடியையும் தனித்தனியே விவரிப்பதோடு, அடையும் மோதகமும் விற்கும் கூவியர் என்ற வணிகரை இரவின் ஒரு யாமத்தோடு சேர்த்தே காட்டுகிறது. கூவியர் என்பது அப்பம் முதலிய பண்டங்களைச் செய்து விற்போருக்கான பழஞ்சொல். பகல் வெப்பம் உழைப்பையும் வாங்குதலையும் தள்ளிப்போடும் ஊரில் இரவு வாணிகம் தோன்றுவது இயல்பு. இரவு வாணிகம் தோன்றிய இடத்தில் இரவுணவும் தோன்றும்.

இன்றைய கூவியரில் முதலிடம் பெறத்தக்கவர்கள், வீட்டு வாசலிலும் தெருமுனையிலும் அடுப்பு வைத்து இட்லி ஊற்றும் பெண்களே. புகழ்பெற்ற உணவகங்களின் பெயர்ப்பட்டியல் எளிதில் கிடைக்கும். இப்பெண்களின் கடைகளுக்குப் பெரும்பாலும் பெயரே இல்லை. அவர்கள் ஊற்றும் இட்லி, தட்டின் குழிகளில் எண்ணெய் தடவி ஊற்றப்படுவதன்று. ஈரமான வெள்ளைப் பருத்தித் துணியைத் தட்டின்மேல் விரித்து அதன்மீது மாவை ஊற்றி அவிப்பதால், ஊரில் அதைத் துணி இட்லி என்பர். ஆவி துணியின் இழைகளினூடே மாவின் அடிப்புறத்தையும் சீராகச் சென்றடைகிறது. தட்டில் படியும் நீரைத் துணி ஈர்த்துக்கொள்வதால் இட்லியின் அடி கசகசப்பதுமில்லை. வெந்ததும் துணியோடு கவிழ்த்து, மேலே சிறிது நீர் தெளித்து உரிக்கும்போது, துணியின் நெசவுக் கோடுகள் இட்லியின் முகத்தில் மெல்லப் பதிந்திருக்கும். அந்த வரிகளைக் காண்பதே நல்ல கடையை அறியும் வழிகளுள் ஒன்று. தேங்காய், தக்காளி, மல்லி, மிளகாய் எனச் சட்னிகளின் எண்ணிக்கையில் மதுரைக்கடைகள் கஞ்சத்தனம் காட்டுவதில்லை என்பதும், அவை அனைத்தும் வாழை இலையின்மீதே ஊற்றப்படுகின்றன என்பதும் பலரும் அறிந்தவை.

புலால் உண்போருக்கான சிறப்பு, சிம்மக்கல் கோனார் கடையால் பெயர்பெற்ற கறிதோசை. கனத்த தோசையை முதலடுக்காகவும், அதன்மேல் ஊற்றிப் பரப்பிய முட்டையை இரண்டாம் அடுக்காகவும், மசாலாவில் வெந்த ஆட்டிறைச்சித் துண்டுகளை மூன்றாம் அடுக்காகவும் வைத்துக் கல்லிலேயே திருப்பிப்போட்டு எடுக்கப்படும் அது, ஒருவரின் முழு இரவுணவுக்குப் போதுமானது. பரோட்டாவும் அதனுடன் ஊற்றப்படும் நீர்த்த குழம்பாகிய சால்னாவும் தமிழகமெங்கும் உள்ளவை. இங்கே விரித்துச் சொல்லத் தேவையில்லை. புகைவண்டி நிலையத்துக்கு அருகே பிரேமா விலாஸில் இலைத்துண்டில் வைத்துச் சுடச்சுடத் தரப்படும் அல்வாவையும், மேலச் சித்திரை வீதியில் கோபு ஐயங்கார் கடையின் வெள்ளை அப்பத்தையும் குறிப்பிடாமல் விடுவது மட்டும் பிழையாகும்.

இவற்றைவிடவும் இக்கட்டுரையின் பொருளுக்கு நெருக்கமானது, மாலையில் தெருவோர வாணலிகளில் பொரியும் முள்ளுமுருங்கை வடை. முள்ளுமுருங்கை என்பது கலியாண முருங்கை என்றும் வழங்கும் மரம். கறிக்குப் பயன்படும் முருங்கையோடு அதற்கு உறவில்லை. அதன் இலையை அரிசியோடு அரைத்து, பூரிபோல மெல்லத் தட்டி எண்ணெயில் பொரித்து, மேலே காரப்பொடி தூவித் தருகின்றனர். வடை என்ற பெயர் இருப்பினும் பருப்போ குழியோ இல்லாத இப்பசுமையான பண்டம், மதுரையின் சௌராஷ்டிரர் வீடுகளோடு தொடர்புடையது. சுங்குடிச் சேலையை ஊருக்குத் தந்தவர்களும் அவர்களே.

இருபதாயிரம் முடிச்சுகள்

சௌராஷ்டிரர் எனப்படுவோர், இன்றைய குஜராத்தின் ஒரு பகுதியாகிய சௌராஷ்டிரத்திலிருந்து பெயர்ந்து, விஜயநகரப் பகுதிகளின் வழியே தெற்கே வந்து, நாயக்கர் காலத்தில் மதுரையில் நிலைகொண்ட நெசவுச் சமூகத்தார். பட்டுநூல்காரர் என்ற பெயரும் அவர்களுக்கு உண்டு. திருமலை நாயக்கரின் அரண்மனைத் தேவைகளுக்காகப் பட்டு நெய்தவர்கள் என்று மரபு கூறுகின்ற அவர்களின் குடியிருப்புகள், இன்றும் அந்த அரண்மனையைச் சுற்றிய தெருக்களில் செறிந்துள்ளன. மேற்கிந்தியாவில் பாந்தினி என வழங்கும் முடிச்சுச் சாயக்கலையை அவர்கள் இங்கே பருத்தியில் தொடர்ந்தபோது உருவானதே சுங்குடி.

அதன் செய்முறையை அறியாமல் அதன் விலையைப் பற்றிப் பேசுவது நியாயமாகாது. வெளுத்த பருத்திச் சேலையை மடித்து, புள்ளிகள் அமைய வேண்டிய இடங்களைக் கட்டம்போட்டுக் குறித்தபின், பெண்கள் ஒவ்வொரு புள்ளியிலும் துணியை நகநுனியால் சிறு கூம்பாக உயர்த்தி, நூலால் இறுகச் சுற்றி முடிச்சிடுகின்றனர். செறிந்த வேலைப்பாடுள்ள ஒரு சேலையில் இம்முடிச்சுகள் 20,000 வரை செல்வதுண்டு. நாள்கணக்கில், சில சமயம் வாரக்கணக்கில், வீட்டு வேலைகளுக்கு இடையே ஒரு பெண் இதைச் செய்து முடிக்கிறாள். பிறகு சேலை சாயத்தொட்டியில் முக்கப்படுகிறது. முடிச்சுக்குள் அடைபட்ட துணியில் சாயம் ஏறாது. உலர்ந்தபின் நூலைப் பிரித்தால், கருஞ்சிவப்பிலோ கத்தரிப்பூ நிறத்திலோ கருநீலத்திலோ வெண்புள்ளிகள் விண்மீன்போலத் தெரியும். பழங்காலத்தில் சாயவேர் முதலிய தாவரச் சாயங்கள் பயன்பட்டன. வைகை நீரில் அலசினால் நிறம் ஒளிரும் என்பது சாயப்பட்டறையார் வழிவழியாகச் சொல்லிவந்த செய்தி. பின்னர் செயற்கைச் சாயங்கள் வந்தன, வைகையில் நீர் அருகியது.

மதுரைச் சுங்குடிக்குப் புவிசார் குறியீடு 2005இல் கிடைத்தது. குறிப்பிட்ட ஊரின் தன்மையால் சிறப்புப் பெறும் பொருளின் பெயரைப் பிறர் பயன்படுத்தாதபடி காக்கும் சட்டப் பதிவே புவிசார் குறியீடு. பெயரைக் காத்த அப்பதிவால் முடிச்சிடும் கையைக் காக்க இயலவில்லை என்பதே வருந்தத்தக்க உண்மை. மெழுகை அச்சுக்கட்டையில் தொட்டுத் துணியில் பதித்து, சாயமேற்றி, வெந்நீரில் மெழுகை நீக்கும் மெழுகு அச்சு முறையும், திரை அச்சு முறையும் விரைவானவை, மலிவானவை. கடைகளில் சுங்குடி என்ற பெயரில் தொங்குவனவற்றில் பெரும்பாலானவை இவையே. அவை போலி என்று ஒதுக்கத்தக்கவையல்ல. நல்ல பருத்தியில் அமைந்த மெழுகு அச்சுச் சேலை அன்றாட உடுப்புக்கு மிக ஏற்றது, சில நூறு ரூபாயில் ஒரு குடும்பப் பெண்ணின் பெட்டியை வண்ணங்களால் நிரப்பவல்லது. குறை, வேறுபாட்டை மறைத்து விற்பதில் இருக்கிறது. கையால் முடிச்சிட்ட சேலையில் புள்ளிகள் ஒன்றுபோல் ஒன்று இரா. ஒவ்வொன்றும் சிறிது கோணலாகவும், முடிச்சு இருந்த இடத்தில் துணி மெல்லக் குமிழ்ந்தும் இருக்கும், துணியின் மறுபுறத்திலும் புள்ளி அதே தெளிவோடு தெரியும். அச்சுப் புள்ளிகள் அளவெடுத்தாற்போல் சமமாக நிற்கும். வாங்குவோர் இதைக் கடையிலேயே விரித்துப் பார்த்து, முடிச்சுச் சுங்குடி உண்டா என்று வாய்விட்டுக் கேட்க வேண்டும். கேட்பார் இல்லாத பொருளுக்குக் கடைக்காரர் கூலி கொடுப்பதில்லை.

உடுத்தும் வசதியைப் பொறுத்தவரை, சுங்குடியின் குளிர்ச்சி வெறும் மனநிலையன்று. பருத்தி இழை, இயல்பான காற்றில் தன் எடையில் ஏறத்தாழ 8 விழுக்காடு ஈரத்தை உள்வாங்கிக்கொள்ளும். பாலியெஸ்டர் இழை அரை விழுக்காடும் ஏற்பதில்லை. வியர்வை துணியில் பரவி ஆவியாகும்போது உடலின் வெப்பத்தையும் எடுத்துச் செல்கிறது. கனத்த சரிகையோ உள்துணியோ இல்லாத சுங்குடி, பேருந்தில் நின்று, கடையில் பேரம் பேசி, தெருவோரப் பலகையில் அமர்ந்து இட்லி உண்டு வீடு திரும்பும் பெண்ணுக்கு எந்த இடத்திலும் இடையூறாவதில்லை. சேலை உடுத்தாத இளையோருக்காக அதே புள்ளித்துணி சுடிதாராகவும் துப்பட்டாவாகவும் பாவாடையாகவும் இப்போது தைக்கப்படுகிறது. கலை பிழைக்க இதைவிட நல்ல வழி இல்லை. முதல் சில முறை தனியே, உப்பிட்ட நீரில் அலசி, நிழலில் உலர்த்த வேண்டும் என்பது வீட்டுப் பெரியவர்களின் அறிவுரை. மொடமொடப்பு வேண்டுவோர் சோறு வடித்த கஞ்சியில் சேலையை முக்கி எடுக்கின்றனர்; உலையிலிருந்த அரிசி ஒரு பங்கு சோறாக இலைக்கும், அதன் நீர் விறைப்பாகக் கொசுவத்துக்கும் போகிறது.

முழக்கணக்கில் ஓர் அணி

இவ்வுடைக்கு ஏற்ற அணிகலன்கள் குறைவாகவே இருக்க வேண்டும் என்பதை மதுரைப் பெண்கள் யாரும் கற்பிக்காமலே அறிந்திருக்கின்றனர். புள்ளிகள் நிறைந்த சேலையின்மீது கல்வைத்த அட்டிகை மோதும். இரு கைகளிலும் கண்ணாடி வளையல், காதில் ஒரு சிறு ஜிமிக்கி, கழுத்தில் மெல்லிய சங்கிலி அல்லது கருகமணி ஆகியவை போதும். நகைக்கடைகள் வரிசையாக அமைந்த தெற்கு ஆவணி மூல வீதியைக் கடந்துதான் வளையல் கடைக்குப் போக வேண்டியிருக்கும் என்றாலும், அன்றாட அழகுக்கு அவ்வளையல்களே பெரிதும் துணை நிற்கின்றன.

அனைத்தினும் மேலான அணி, மல்லிகை. 2013இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லி, குண்டுமல்லி வகையைச் சேர்ந்தது. தடித்த இதழும் நீளமான காம்பும் கொண்ட அதன் மொட்டுகளை விடியும் முன்பே பறித்து, மாட்டுத்தாவணிப் பூச்சந்தைக்குக் கொண்டுவருகின்றனர். காலையில் பச்சை கலந்த வெண்மையோடு இறுகியிருக்கும் மொட்டு, மாலையில் தொடுத்து விற்கப்படும்போது விரியத் தொடங்கி, இரவில் மணத்தின் உச்சத்தை அடைகிறது. இரவு வாணிக ஊருக்கு இதைவிடப் பொருத்தமான பூ அமையாது. பந்திலிருந்து முழங்கையளவாக அளந்து, முழக்கணக்கில் விற்கப்படும் இதன் விலை, முகூர்த்த நாளில் ஏறுவதும் பிறகு இறங்குவதுமாக ஒரே வாரத்தில் பல மடங்கு மாறும். தொடுப்பதற்கு நூலைவிட வாழைநாரையே தேர்ந்தோர் விரும்புகின்றனர். நனைத்த நார் காம்பை அறுக்காமல் பிடிப்பதோடு ஈரத்தையும் வைத்துக்கொள்கிறது. வாழையின் இலை இட்லிக்குக் கீழேயும் அதன் நார் கூந்தலிலும் இடம்பெறுவதை, உண்டு முடித்துப் பூ வாங்கும் எந்தப் பெண்ணிடத்தும் காணலாம்.

ஆடவர் உடையில் எளிமையைப் பற்றிப் பேசும்போது, மேல மாசி வீதியைக் கடந்து செல்ல இயலாது. வேற்றுநாட்டுத் துணியை விலக்கச் சொல்லி ஊர் ஊராகப் பேசிவந்த காந்தியடிகள், கதர் முழுமையாக வாங்கவும் இயலாத ஏழைகளின் நிலையை எண்ணி, 1921 செப்டம்பர் 22 அன்று, அவ்வீதியில் தங்கியிருந்த வீட்டில்தான் நீண்ட உடையைத் துறந்து அரையாடைக்கு மாறினார். அவர் அக்கோலத்தில் மக்கள்முன் தோன்றிய இடம் காந்தி பொட்டல் என்று இன்றும் வழங்குகிறது. ஒரு மனிதர் தம் உடையைப் பற்றி எடுத்த மிக ஆழ்ந்த முடிவுகளுள் ஒன்று நெசவாளரும் சாயக்காரரும் நிறைந்த நகரத்தில் எடுக்கப்பட்டது தற்செயலாக இருக்கலாம். ஆயினும் வேட்டியும் தோளில் ஒரு துண்டும் முழு மரியாதையுள்ள உடையாக இங்கே இன்றும் நிலைப்பதைக் காணும்போது, அம்முடிவுக்கு உகந்த ஊர் அது என்றே தோன்றுகிறது. கடையில் கை கழுவியபின் துடைக்கவும், வெயிலில் தலைமேல் போடவும், பேருந்தில் இடம் பிடிக்கவும் அத்துண்டு ஒன்றே உதவுகிறது.

கையிலிருக்கும் பையும் அணிகலன்களுள் சேரும். ஞெகிழிப் பையைக் கைவிடச் செய்வதற்காகத் தமிழக அரசு 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' என்ற இயக்கத்தைத் தொடங்கியபோது, திருமண வீடுகளில் தாம்பூலத்தோடு தரப்பட்டு, நாட்டுப்புறத்தாரின் அடையாளம் என்று ஒரு காலத்தில் எள்ளப்பட்ட மஞ்சள் துணிப்பை புதுமதிப்புப் பெற்றது. சுங்குடி எடுக்கப் போகும் பையும் அதே பருத்திதான்.

பருத்தி உடைக்கு வயதானபின் நேர்வதைச் சொல்லாமல் இப்பொருள் நிறைவுறாது. பலமுறை துவைத்து மென்மையான பழஞ்சேலை, உத்தரத்தில் கட்டப்படும் தூளியாகி, அடுத்த தலைமுறையின் குழந்தையைத் தாங்குகிறது. புதுத்துணியின் விறைப்பு குழந்தையின் தோலுக்கு ஆகாது என்பதால் பழையதையே தேடி எடுக்கின்றனர். சாயமேறாத வெள்ளை வேட்டியோ சமையலறைக்குப் போகிறது. கரை நீக்கி, இட்லித் தட்டின் அளவுக்குக் கிழித்து, வெந்நீரில் அலசியபின், ஒரு காலத்தில் கோயிலுக்கும் திருமணத்துக்கும் உடுத்திச் சென்ற அத்துணி, மாலையில் அடுப்பு பற்றவைக்கப்படும் வீட்டு வாசலில் ஈரத்தோடு தட்டின்மேல் விரிக்கப்பட்டு, மாவுக்காகக் காத்திருக்கிறது.